ஒரே நாளில் 3 மலை, 39 கிலோமீட்டர்... இங்கிலாந்தின் யார்க்ஷயர் சவாலில் ஜெயிப்பது எப்படி?

காலையில் கிளம்பி, மூன்று மலை உச்சிகளைத் தொட்டுவிட்டு, 12 மணி நேரத்துக்குள் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். வட இங்கிலாந்தில் பிரபலமான 'யார்க்ஷயர் த்ரீ பீக்ஸ்' நடைப்பயணச் சவால் இதுதான்.

பென்னிகென்ட் 694 மீட்டர், வெர்ன்சைடு 736 மீட்டர், இங்கிள்பரோ 723 மீட்டர். 'இவ்வளவுதானா?' என்று தோன்றுகிறதா? ஒவ்வொரு மலையிலும் ஏறி, இறங்கி, அடுத்ததில் மறுபடி ஏற வேண்டும். மொத்த ஏற்றம் மட்டும் சுமார் 1,600 மீட்டர்; நடை சுமார் 39 கிலோமீட்டர். 1887-ல் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்கள் இருவர் முதன்முதலில் இப்படி நடந்ததாகச் சொல்கிறார்கள்.

எங்கே கஷ்டம்?

பெரும்பாலானோர் ஹார்ட்டன் கிராமத்தில் தொடங்கி, முதலில் பென்னிகென்ட் ஏறுகிறார்கள். அடுத்து, 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் ரயில் பாலத்தைக் கடந்து வெர்ன்சைடு. கால்கள் ஓய்ந்த நேரத்தில்தான் இங்கிள்பரோவின் செங்குத்தான ஏற்றம் வரும். உச்சியோ தட்டையானது. பனிமூட்டம் சூழ்ந்தால் இறங்கும் வழியே தெரியாது. அங்கிருந்து ஹார்ட்டனுக்கு நீண்ட இறக்கம். முழங்கால்களுக்குச் சோதனை அங்கேதான்!

கல் பாதையை விட்டு இறங்காதீர்கள்!

இங்கே பல இடங்களில் காலடியில் இருப்பது 'பீட்' மண். செடிகளும் பாசிகளும் ஈரத்தில் முழுதாக மக்காமல் படிந்து உருவானது. ஆண்டுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஆயிரக்கணக்கானோர் மிதித்தால் சேறாகி, மழையில் அரித்துப் போய்விடும். அதனால்தான் பலகைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். சேற்றுக்குப் பயந்து ஓரமாக நடந்தால் பாதை அகலமாகும், சேதமும் கூடும்.

கவனிக்க வேண்டியவை

* காகித வரைபடம், திசைகாட்டி, மழைக்கோட்டு, டார்ச், கூடுதல் உணவு, தண்ணீர் அவசியம். போனை மட்டும் நம்ப வேண்டாம்.
* ஆபத்து என்றால் 999-ஐ அழைத்து, போலீஸிடம் மலை மீட்புக் குழுவைக் கேட்க வேண்டும். வருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.
* ரிபிள்ஹெட்டிலும் ஹார்ட்டனிலும் ரயில் நிலையங்கள் உண்டு. வானிலை கெட்டாலோ, உடல் ஒத்துழைக்காவிட்டாலோ ரிபிள்ஹெட்டிலேயே நடையை முடித்துக்கொள்ளலாம். ரயில்கள் குறைவு என்பதால் நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

12 மணி நேரம் என்பது ஒரு இலக்கு மட்டுமே. அதைத் தவறவிட்டால் தண்டனை எதுவும் இல்லை. பத்திரமாகத் திரும்பினால், அடுத்த முறை மறுபடி முயன்று பார்க்கலாம்!