'கிடைத்தது' என்று சொல்லும் பெட்டி

புதுமடம் கரையில் நின்றால் ஜிசாட்-6 செயற்கைக்கோள் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே, சற்றே தெற்குப் பக்கம் இருக்கிறது. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரம், கண்ணுக்குத் தெரியாது. மன்னார் வளைகுடாவில் வலைவிடும் படகுக்கு இது வசதியான இடம். அடிவானத்தை ஒட்டியிருந்தால் அலையும் அடுத்த படகும் மறைக்கும். உச்சியில் இருப்பதால், வானம் பார்த்த மாதிரி ஒரு சிறு பெட்டியைப் படகில் பொருத்தினால் போதும்.

அந்தப் பெட்டிதான் டிரான்ஸ்பாண்டர். 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் இதைப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்தார். படகிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து படகுக்கும் குறுஞ்செய்தி போகும்.

இரு பக்கமும் என்பதுதான் இதில் விசேஷம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி, கேரள மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கைப்பேசி சிக்னல் கரையோரத்தோடு சரி. அவர்களை எட்ட வழியில்லை. 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியே புயல் எச்சரிக்கையும் மீன்வளத் தகவலும் படகுக்கு வரும். படகிலிருந்து எதுவும் திரும்பாது. இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி அதற்கு நேர்மாறு. 2010 முதல் படகின் அபயக்குரல் பெங்களூரு கட்டுப்பாட்டு மையத்துக்குப் போனது. கேட்டதா இல்லையா என்று கடலில் தவிப்பவருக்குத் தெரியாது. 2024இல் அறிமுகமான அதன் இரண்டாம் தலைமுறைதான் பதிலும் அனுப்புகிறது.

தொண்ணூறுகளில் இடுப்பில் பேஜர் மாட்டியவர்களுக்கு இந்த ஒருவழிக் குறை பழக்கமானது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒருவர் பெயரைச் சொல்லி அழைப்பதுபோல, பேஜர் கோபுரம் ஊர் முழுக்க ஒலிபரப்பும். தன் எண்ணைக் கேட்ட பேஜர் மட்டும் பீப் அடிக்கும். செய்தி சேர்ந்ததா என்று கோபுரத்துக்குத் தெரியாது.

ஆனால் பேஜருக்குப் பின்னால் இருந்த கணினிகள் தங்களுக்குள் கெட்டிக்காரத்தனமாகப் பேசிக்கொண்டன. ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் பெறுபவர் முகவரி, அனுப்புபவர் முகவரி, வரிசை எண், பிழை கண்டுபிடிக்க ஒரு கணக்கு எல்லாம் இருக்கும். கணக்கு சரியாக வந்தால் 'கிடைத்தது', தப்பினால் 'மறுபடி அனுப்பு'. வழிதவறிய பொட்டலம் வலைப்பின்னலில் ஓயாமல் சுற்றக் கூடாது அல்லவா? அதற்கு ஓர் ஆயுள் எண். ஒவ்வொரு முனையத்தையும் தாண்டும்போது அது குறையும். தீர்ந்தால் பொட்டலம் குப்பைக்கு. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அமெரிக்காவில் 1995இல் வந்த இருவழிப் பேஜர் இந்த ஒழுங்கைக் கைக்கருவி வரை கொண்டுவந்தது. பேஜரே பதில் சொன்னதால், அது எந்தக் கோபுரத்தின் அருகில் இருக்கிறது என்பதும் தெரிந்தது.

கடலில் சிக்கல் வேறு. நூறு படகுகள் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதிச் சிதையும். ஹவாய்த் தீவுகளை வானொலியால் இணைக்க 1971இல் அங்குள்ள பல்கலைக்கழகம் இயக்கிய 'அலோஹா' வலையமைப்பு இதற்கு எளிய வழி காட்டியது: பேசு, பதில் வராவிட்டால், ஏதோ ஓர் இடைவெளி விட்டு மறுபடி பேசு. ஆளுக்கொரு இடைவெளி என்பதால் அடுத்த முறை மோதும் வாய்ப்புக் குறைவு. செயற்கைக்கோள் குறுஞ்செய்தி முனையங்கள் பலவும் இந்த வழியின் ஏதோ ஒரு வடிவத்தில்தான் இயங்குகின்றன. படகு, செயற்கைக்கோள், தரைநிலையம், பிறகு அதே வழியில் பதில்: பயணத்துக்கு மட்டும் அரை விநாடி.

ஆனால் அந்த 'கிடைத்தது' பெட்டி சொல்வது. வாடைக்காற்றில் இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டிருக்க, இன்ஜின் இரைச்சலில், ஈரக் கையோடு, பெட்டியோடு இணைத்த கைப்பேசியின் திரையை யார் பார்ப்பார்கள்? பெட்டியின் பதிலும் படித்தவரின் பதிலும் கரையிலிருக்கும் அதிகாரியின் திரையில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு 'எச்சரித்துவிட்டோம்' என்று கோப்பை மூடிவிடலாகாது.