உங்கள் தளம் வேறெங்கோ போகிறதா?

"உங்கள் தளத்தைத் திறந்தால் லாட்டரி பரிசு விழுந்திருப்பதாக வருகிறதே!" என்று ஒருவர் சொல்வார். தளத்தின் நிர்வாகி தன் கணினியில் திறந்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும். "உங்கள் போனில்தான் கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிடுவார். பள்ளிக்கூடம், ஜமாஅத், சிறு வணிகம் எனத் தளம் நடத்தும் நம்மில் பலர் செய்யும் தவறு இது.

சொன்னவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார். தளத்துக்குள் புகுந்தவன் வைத்துவிட்டுப் போகும் நிரல், வருபவர் யாரென்று பார்த்தே வேலை செய்யும். கூகுள் தேடல் வழியாக வருபவரையும் கைபேசியில் வருபவரையும் வேறு தளத்துக்குத் திருப்பும். நிர்வாகியாக லாகின் செய்திருப்பவரை விட்டுவிடும். சில நிரல்கள் ஒருவரை ஒருமுறை திருப்பியதும் குக்கீயில் குறித்துக்கொண்டு மறுமுறை சும்மா இருக்கும். உரிமையாளர் கண்ணில் படாமலிருக்கவே இந்த ஏற்பாடு.

எனவே வருபவரைப் போலவே நாமும் வந்து பார்க்க வேண்டும். லாக்-அவுட் செய்துவிட்டு, கணினியில் க்ரோமின் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். ‘நெட்வொர்க்’ பகுதியில் ‘பிரிசர்வ் லாக்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். கைபேசிப் படமுள்ள பொத்தானையும் அழுத்தினால், உங்கள் கணினி தன்னைக் கைபேசியாகக் காட்டிக்கொள்ளும். இனி கூகுளில் தேடி உங்கள் தளத்துக்குள் வாருங்கள். எங்கே கொண்டுபோய் விட்டாலும் அங்கே எதையும் அழுத்தாதீர்கள்.

பட்டியலில் உங்கள் தளத்தின் முதல் பதிலே 301 அல்லது 302 என்ற எண்ணுடன் அந்நிய முகவரியைக் காட்டினால், கோளாறு சர்வரில் உள்ளது. எச்டிஅக்சஸ் கோப்பையும் பிஎச்பி கோப்புகளையும் முதலில் பாருங்கள். 200 என்ற எண்ணுடன் பக்கம் வந்த பிறகு தாவினால், பக்கத்துக்குள் ஜாவாஸ்கிரிப்ட் செருகப்பட்டிருக்கலாம். தீம் கோப்புகள், பிளகின்கள், டேட்டாபேஸ் மூன்றிலும் அதைத் தேட வேண்டும்.

அந்த ஒரு வரியை அழித்தால் போதுமா? போதாது. ‘பலாடா இன்ஜெக்டர்’ என்ற தாக்குதல் 2017 முதல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வேர்ட்பிரஸ் தளங்களைப் பாதித்ததாக, இணையப் பாதுகாப்பு நிறுவனமான சுகுரி 2023 ஏப்ரலில் மதிப்பிட்டது. பிளகின், தீம் ஆகியவற்றின் ஓட்டைகள் வழியே நுழைந்து, போலி நிர்வாகிக் கணக்குகளையும் மீண்டும் நுழையப் பின்வாசல்களையும் அது வைத்துவிடும். எனவே அறியாத நிர்வாகிக் கணக்குகளை நீக்குங்கள். படங்கள் இருக்க வேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி கோப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். வேர்ட்பிரஸ், தீம், பிளகின் அனைத்தையும் புதுப்பியுங்கள். ஹோஸ்டிங், டேட்டாபேஸ் உட்பட எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். கூகுள் சர்ச் கன்சோலில் எச்சரிக்கை இருந்தால், சுத்தம் செய்தபின் மறுஆய்வு கோருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட ‘அலோ’ அழுத்துங்கள்" என்று வந்தால் அழுத்த வேண்டாம். அது மோசடி விளம்பரங்களை உங்கள் போனுக்கு நோட்டிஃபிகேஷனாக அனுப்பிக்கொண்டே இருக்க அனுமதி கேட்கும் தந்திரம். தெரியாமல் அழுத்தியிருந்தால், பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கிவிடுங்கள்.

நம் பெயரை நம்பித்தான் மக்கள் நம் தளத்துக்கு வருகிறார்கள். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். ஒருவர் குறை சொன்னால், அவர் போனைக் குறை சொல்லும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள்.