துளையோடு பிறக்கும் மணி

கல்லில் மணி செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கல்லை உடைத்து, தேய்த்து, உருட்டி, கடைசியில் துளையிட வேண்டும். துளையிடும்போது விரிசல் விட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் சூதுபவளம், பளிங்கு போன்ற கற்களில் செய்யத் தொடங்கி முற்றுப்பெறாத மணிகளும் கிடைத்திருக்கின்றன.

கண்ணாடி மணியின் கதை வேறு. பாசிமணி போன்ற சிறு கண்ணாடி மணிகளில் யாரும் பிறகு துளை போடுவதில்லை. கண்ணாடி உருகிய நிலையில் இருக்கும்போதே துளை அமைந்துவிடுகிறது. துளையை எப்படி உண்டாக்குவது, அது மூடிக்கொள்ளாமல் எப்படிக் காப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் மையமான சிக்கல். அதற்கு மனிதர்கள் கண்ட விடைகள்தாம் மணி செய்யும் வெவ்வேறு முறைகள்.

முதலில் கண்ணாடியைப் பார்ப்போம். மணலிலுள்ள சிலிக்காதான் அடிப்படை. அது தனியாக உருக 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். சோடா சேர்த்தால் உருகுநிலை பல நூறு டிகிரி இறங்கிவிடும். சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரையும் என்பதால் சுண்ணாம்பும் வேண்டும். நிறத்துக்குச் சிறிதளவு உலோகம் போதும். கோபால்ட் அடர்நீலம் தரும். மாங்கனீசு ஊதா தரும். செம்பு இருவிதமாக நடந்துகொள்ளும். காற்று தாராளமாகக் கிடைக்கும் உலையில் அது நீலப்பச்சை. காற்றைக் குறைத்துப் புகைய விட்டால் செங்கல் சிவப்பு.

துளைக்கான எளிய விடை, சுற்றுவது. களிமண் பூசிய இரும்புக் கம்பியை ஒரு கையில் பிடித்து, மறு கையில் கண்ணாடிக் குச்சியைத் தீச்சுடரில் உருக்கி, கம்பியைச் சுழற்றியபடியே அதன்மேல் சுற்றுவார்கள். கம்பி இருந்த இடம் துளையாகிவிடும். களிமண் பூச்சு இருப்பதால், ஆறியதும் மணி கம்பியிலிருந்து கழன்று வரும். உடனே குளிர்ந்தால் பெரிய மணிகள் வெடிக்கும் என்பதால் மெல்ல ஆறவிட வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் புர்தில்நகர் கண்ணாடி மணிகளுக்குப் பேர்போன ஊர். பூவும் புள்ளியும் வைத்த அலங்கார மணிகளுக்குச் சுற்றும் முறையே ஏற்றது. ஆனால் ஒவ்வொன்றாகத்தான் செய்ய முடியும்.

செக் நாட்டின் யாப்லோனெட்ஸ் வட்டாரத்தில் இன்னொரு வழி வளர்ந்தது. இளகிய கண்ணாடிக் குச்சியை அச்சுக்குள் வைத்து அழுத்துவார்கள். அச்சிலிருக்கும் ஊசி அப்போதே துளையை உண்டாக்கிவிடும். இலை, பூ வடிவ மணிகள் இப்படித்தான் வருகின்றன.

ஆயிரக்கணக்கில் பொடிமணிகள் வேண்டுமென்றால் இழுப்பதுதான் வழி. திருப்பதி அருகே பாப்பாநாயுடுபேட்டையில் ஆய்வாளர்கள் பதிவுசெய்த பழைய முறை இதற்கு அருமையான சான்று. 'லாடா' என்னும் நீண்ட இரும்புக் குழலின் முனையில் உருகிய கண்ணாடியைப் பலமுறை எடுத்துச் சேர்த்து, உருட்டி, பெரிய கூம்பாக்குவார்கள். குழலுக்குள் ஒரு கம்பியைச் செலுத்திக் கூம்பின் நுனிவரை ஓட்டை போடுவார்கள். பிறகு லாடாவை உலைக்குள் வைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் நிற்கும் மூத்த தொழிலாளி கொக்கியால் கூம்பின் நுனியைப் பற்றி வெளியே இழுப்பார். ஜவ்வு மிட்டாயைப் போல நீளும் கண்ணாடி, உள்ளே துளையுடனேயே நீள்வதுதான் விந்தை. கண்ணாடி மெலிய மெலிய, துளையும் அதே விகிதத்தில் சிறுத்துக்கொண்டே போகும், மூடிவிடாது. கை மாற்றிக் கை மாற்றி அவர் இழுக்கும் வேகமே குழாயின் பருமனைத் தீர்மானிக்கும். மெதுவாக இழுத்தால் தடிமன். வேகமாக இழுத்தால் மெலிவு.

ஆறிய குழாய்களைக் கத்திமுனையில் வைத்துப் பொடித் துண்டுகளாக நறுக்குவார்கள். வெட்டிய விளிம்பு நூலை அறுத்துவிடும் என்பதால், அதை மழுக்க மறுபடி சூடு காட்ட வேண்டும். அப்போது துளை மூடிக்கொள்ளாமலும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கத் துண்டுகளைச் சாம்பலோடு கலந்து சூடேற்றிக் கிளறுவார்கள். விளிம்பு இளகி உருண்டுவிடும். பின்னர் சாம்பலை நீக்கி, சலித்து, அளவு பார்த்துப் பிரித்துக் கோப்பார்கள்.

இந்த நுட்பம் மிகப் பழையது. 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த புதுச்சேரி அருகிலுள்ள அரிக்கமேட்டில் மணிகளோடு கண்ணாடிக் குழாய்த் துண்டுகளும் கழிவுகளும் கிடைத்துள்ளன. இழுத்துச் செய்யப்பட்ட இத்தகைய ஒருநிறப் பொடிமணிகள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை முதல் கொரியா, ஜப்பான் வரை கிடைப்பதால், அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். இலங்கையின் மாந்தை, வியட்நாமின் ஓக் ஏயோ போன்ற துறைமுகங்களும் இந்தத் தொழிலின் தடங்களைக் கொண்டவை.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான எட்வர்ட் டேனர் கண்ணாடிக் குழாய் இழுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். சாய்வாகச் சுழலும் உள்ளீடற்ற உருளைமேல் கண்ணாடி வழிய, உள்ளிருந்து காற்று ஊத, மறுமுனையில் குழாய் இடைவிடாமல் இழுபடும். லாடாவை அறியாமல் உருவானதாக இருந்தாலும் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய அதேதான்.

உங்களிடமுள்ள மணி எந்த வகை என்று அறிய ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். உள்ளிருக்கும் குமிழிகளும் கோடுகளும் துளைக்கு இணையாக ஓடினால் இழுத்தது. துளையைச் சுற்றி வளைந்தால் சுற்றியது. பக்கவாட்டில் மெல்லிய தையல் போன்ற வரி தெரிந்தால் அச்சில் அழுத்தியது.

அரிக்கமேடு போன்ற தொல்லியல் இடத்துக்குப் போகும்போது மண்ணில் மணி எதுவும் தென்பட்டால் எடுக்காதீர்கள். எந்த மண்ணடுக்கில், எதன் அருகே கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள். கையில் எடுத்துவிட்டால் அந்தத் தகவல் திரும்பக் கிடைக்காது.