மயிரிழை பிசகினால் எழுத்து இரண்டாகும்!

பூட்டுக்குப் பெயர் போன ஊர் திண்டுக்கல். நாகல்நகர் பக்கத்தில் பட்டறைகள் குறைந்துவிட்டன. ஆனாலும் அந்தத் தொழில் அழிந்துவிடவில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பூட்டின் வயிற்றுக்குள்ளே 'லீவர்' என்ற தகடுகள் இருக்கின்றன. சாவி ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு தகடு மயிரிழை ஏறினாலும், இறங்கினாலும் பூட்டு திறக்காது.

இப்படி மயிரிழைக் கணக்குப் பார்க்கும் இன்னொரு எந்திரமும் ஊர்தோறும் வந்துவிட்டது. அதுதான் 'இங்க்ஜெட் பிரிண்டர்'. மையைத் துளித் துளியாகத் தெளித்து அச்சடிக்கும் எந்திரம்!

காதுகுத்து விழா பேனர், கோவில் திருவிழா நோட்டீசு, பிள்ளைகளின் தேர்வு நுழைவுச் சீட்டு, கடையில் பணம் வாங்க ஒட்டி வைக்கும் கட்டக் குறி எல்லாம் இதில் அச்சாகின்றன.

அச்சு பிசகினால் என்ன ஆகும்? நுழைவுச் சீட்டில் எண் மங்கும். கட்டக் குறியைச் செல்போன் படிக்காது. பேனர் கடைக்காரருக்கு மீட்டர் கணக்கில் துணி வீணாகும். கடன் வாங்கி எந்திரம் போட்டவருக்கு அது சின்ன நஷ்டமா?

ஊசிக் குழாயில் பிறந்தது

மையைத் தெளித்து எழுதும் யோசனை புதிது அல்ல. 1951-ம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு ரூனே எல்ம்குவிஸ்ட் இதற்குக் காப்புரிமை பெற்றார். நோயாளியின் இதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரைய அந்தக் கருவி உதவியது.

1977-ம் ஆண்டில் ஜப்பானில் ஒரு அதிசயம் நடந்தது. கேனன் கம்பெனியில் வேலை பார்த்த இசிரோ எண்டோவின் ஆராய்ச்சிக் கூடத்தில், மை நிரம்பிய ஊசியின் மேல் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசி முனையில் இருந்து மை பீறிட்டது! சூடு பட்டால் மை துள்ளும் என்று தெரிந்தது. அந்த வழியில் பிரிண்டர்கள் பிறந்தன. 1984-ல் ஹியூலெட் பேக்கார்டு கம்பெனியின் 'திங்க்ஜெட்' கடைக்கு வந்தது.

ஓடும் வண்டி

தட்டச்சு எந்திரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் காகிதத்தைச் சுமந்துகொண்டு உருளை நகரும். எழுத்து ஒரே இடத்தில் விழும்.

இதில் எல்லாம் தலைகீழ். மை தெளிக்கும் 'ஹெட்' ஒரு சிறு வண்டியில் உட்கார்ந்து, இடமும் வலமும் ஓடுகிறது. மெக்கானிக்குகள் இந்த வண்டியைக் 'கேரேஜ்' என்கிறார்கள். வழுவழுப்பான எஃகு ராடுதான் அதற்குத் தண்டவாளம். பல் வைத்த பெல்ட் அதை இழுக்கிறது.

ஒரு அங்குலத்தில் 600 புள்ளி வைக்கும் எந்திரத்தில், புள்ளிக்குப் புள்ளி இடைவெளி ஒரு மில்லி மீட்டரில் 25-ல் ஒரு பங்குதான். தலைமயிரின் பருமனை விடக் குறைவு!

எழுத்து ஏன் இரட்டிக்கிறது?

ஓடும் பஸ்சில் இருந்து ஒரு எலுமிச்சம் பழத்தைக் கீழே விட்டால் அது நேர் கீழே விழாது. பஸ் போகும் திசையில் கொஞ்சம் தள்ளித்தான் விழும். மைத்துளியும் அப்படியே.

வண்டி விநாடிக்கு 1 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துளி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. ஹெட்டுக்கும் காகிதத்துக்கும் இடையே 1 மில்லி மீட்டர். அப்படியானால் துளி, மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு தள்ளி விழும்.

வண்டி வலது பக்கம் போகும்போது வலது பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது இடது பக்கம் தள்ளும். இரண்டும் சேர்ந்து பத்தில் இரண்டு பங்கு. கோடு ஒன்று, தெரிவது இரண்டு!

இதற்காக எந்திரம் துளியைக் கொஞ்சம் முந்தியே விடுகிறது. ஆனால் ஹெட்டின் உயரம் மாறாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். வண்டி ஆடினால் உயரம் மாறும். கணக்கு தவறும்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

ராடின் மேல் வண்டியைத் தாங்கி நிற்பது 'புஷ்' என்ற வளையம். அது தேய்ந்தால் வண்டி ஆடும்.

மேசை இழுப்பறையை ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கோணலாகி மாட்டிக்கொள்ளும். அதே இழுப்பறை நீளமாக இருந்தால் அவ்வளவு கோணாது. வண்டிக்கும் இதுதான் விதி. இரண்டு புஷ்களும் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்க வேண்டும். மை தெளிக்கும் வாய் ராடுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கணக்கும் எளிதுதான். புஷ்கள் 60 மில்லி மீட்டர் தூரத்தில் இருக்கின்றன. ஆட்டம் பத்தில் ஒரு மில்லி மீட்டர். ராடில் இருந்து மை வாய் 60 மில்லி மீட்டர் தள்ளி இருந்தால், அந்த ஆட்டம் முழுவதும் காகிதத்தில் தெரியும். புஷ்களை 120 மில்லி மீட்டருக்கு அகற்றினால் பிழை பாதியாகும். மை வாயையும் 30 மில்லி மீட்டருக்கு நெருக்கினால் கால் பங்காகும். பெரிய பேனர் எந்திரங்களில் ராடுக்குப் பதிலாக, எஃகு மணிகள் உருளும் தட்டையான பாதை வைப்பதும் ஆட்டத்தைக் குறைக்கத்தான்.

கோடு போட்ட நாடா

தான் எங்கே இருக்கிறோம் என்று வண்டிக்கு எப்படித் தெரியும்? அதன் பாதை முழுவதும் கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் நாடா ஒன்று கட்டியிருக்கிறது. பல எந்திரங்களில் அந்த நாடாவில் அங்குலத்துக்கு 150 கோடுகள்! வண்டியில் உள்ள ஒளிக்கண் அவற்றை எண்ணிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் நாலு அடையாளம் பிரித்துப் படிப்பதால் அங்குலத்துக்கு 600 இடங்கள் தெரிகின்றன. வேகம் சற்று ஏறி இறங்கினாலும் துளி தன் இடத்தில் விழுவது இதனால்தான்.

அந்த நாடாவும் மை வாய்க்குப் பக்கத்தில் இருப்பதே நல்லது. அளவுகோலும் அளக்கும் பொருளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று ஜெர்மனி அறிஞர் எர்ன்ஸ்ட் அபே 1890-லேயே சொல்லிவிட்டார்.

தொடக்கத்தில் குலுக்கல்

பஸ் கிளம்பும்போது நிற்பவர்கள் பின்னால் சாய்கிறார்கள். வண்டி திரும்பும்போதும் பெல்ட் ரப்பர் போலச் சற்று நீண்டு சுருங்குகிறது. பெல்ட் தளர்ந்திருந்தால் ஓரத்துக் கோடுகள் நெளியும். குலுக்கல் அடங்குவதற்காகத்தான் காகிதத்துக்கு இரு பக்கமும் கொஞ்சம் வெற்று இடம் விட்டிருக்கிறார்கள். பிரிண்டர் காகிதத்தை விட அகலமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வண்டியின் எடை குறைந்தால் குலுக்கலும் குறையும். மைத் தொட்டியை வெளியே வைத்து, குழாய் வழியாக மை கொடுக்கும் பிரிண்டர்களில் இந்தச் சுமை குறைகிறது.

வெயிலும் தூசியும்

திண்டுக்கல் சமவெளியின் வெயில் எல்லோருக்கும் தெரியும். வெயிலில் உலோகம் நீளும். எஃகை விட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். அலுமினிய உத்தரத்தில் எஃகுப் பாதையை முடுக்கிய பெரிய எந்திரத்தில், இந்த வித்தியாசத்தால் உத்தரம் வில் போல வளையப் பார்க்கும். கூரையில் தகரம் போட்ட கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தூசி அதைவிடப் பெரிய எதிரி. ரோட்டுப் புழுதி ராடில் உள்ள எண்ணெயோடு சேர்ந்தால், அதுவே அரம் போல புஷ்சை அராவிவிடும்.

செய்ய வேண்டியவை

* பிரிண்டரை ஆடாத, சமமான மேசையில் வையுங்கள். முக்காலி வேண்டாம்.

* வேலை முடிந்ததும் துணியால் மூடுங்கள்.

* ராடைப் பஞ்சு ஒட்டாத துணியால் துடையுங்கள். எந்திரக் கையேடு சொல்லும் எண்ணெயை மட்டும் இடுங்கள். தேங்காய் எண்ணெய் கூடாது. மார்கழிக் குளிரில் அது உறையும். நாளாக ஆகப் பிசினாகும்.

* கோடு போட்ட நாடாவில் மை பட்டால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடையுங்கள். தின்னர், ஸ்பிரிட் படவே கூடாது. கோடுகள் அழிந்துவிடும்.

* எழுத்து இரட்டித்தால் உடனே ஹெட்டை மாற்றச் சொல்லாதீர்கள். 'அலைன்மென்ட்' தாளை அச்சடித்து, கோடு நேராக உள்ள எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

* முக்கியமான வேலைக்கு, வண்டி ஒரு திசையில் ஓடும்போது மட்டும் அச்சடிக்கும்படி வைக்கலாம். நேரம் அதிகம் ஆகும். எழுத்து நேராக வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் பிசகு இருந்தால் புஷ்சையும் பெல்ட்டையும் பாருங்கள். ஹெட்டின் விலையோடு பார்த்தால் அவை அற்பம். அந்தச் சின்னச் சாமான் தேய்ந்ததற்காக முழு எந்திரத்தையும் காயலான் கடைக்குப் போட வேண்டியதில்லை.

பூட்டுக்கு ஆட்டம் ஆகாது. அச்சு வண்டிக்கும் ஆகாது!