மொட்டை மாடியில் இறங்கும் கயிறு

பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் 1972 பிப்ரவரி 24 அன்று, முப்பது மாடிகளுக்கு மேல் உயர்ந்த ஆண்ட்ராவுஸ் கட்டடம் பற்றி எரிந்தது. கீழே இறங்க வழியில்லாதவர்கள் உச்சிக்கு ஓடினார்கள். அங்கே ஹெலிகாப்டர் இறங்குதளம் இருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் வான்வழியே மீட்கப்பட்டார்கள். இறந்தவர்கள் 16 பேர்.

இரண்டு ஆண்டுகள்கூட முடியவில்லை. 1974 பிப்ரவரி 1 அன்று அதே நகரில், ஜோயெல்மா என்ற 25 மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. பன்னிரண்டாவது மாடியில் ஏ.சி. இயந்திரத்தின் மின்கோளாறில் தொடங்கிய தீ அது. மக்கள் இம்முறையும் மேலேதான் ஓடினார்கள். ஆண்ட்ராவுஸில் நடந்ததை ஊரே பார்த்திருந்ததே! ஆனால் ஜோயெல்மாவின் உச்சியில் இறங்குதளம் இல்லை. புகையும் அனலும் ஹெலிகாப்டர்களை நெருங்கவிடவில்லை. தீ தணிந்த பிறகே கூரையில் எஞ்சியவர்களை மீட்க முடிந்தது. சுமார் 180 பேர் உயிரிழந்தார்கள்.

நகரத்து மீட்பில் ஹெலிகாப்டர் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதை இந்த இரண்டு தீவிபத்துகளும் காட்டிவிட்டன. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதில் சுழலும் இறக்கைக்குப் போதிய தூக்குவிசை கிடைக்காது. தாழப் பறந்தால் இறக்கை கீழே தள்ளும் காற்றே தீயை விசிறிவிடும். புகைக்குள் விமானிக்குக் கண் தெரியாது. இவற்றோடு உயரமான கட்டடங்களைச் சுற்றிச் சுழன்றடிக்கும் காற்று, மின்கம்பி, கைபேசிக் கோபுரம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

வெள்ளத்தில் கதை வேறு. புகை இல்லை, அனல் இல்லை. மக்கள் மொட்டை மாடியில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது விமான நிலையமே மூடப்பட்டது. ஆனால் ராமாபுரத்தில் ஒரு வீட்டு மாடியிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை விமானப்படையின் சேத்தக் ஹெலிகாப்டர் கயிற்றில் தூக்கிக் காப்பாற்றியது. பின்னர் அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. படகு போக முடியாத தெருவில், ஆம்புலன்ஸ் வராத இரவில் கயிறு ஒன்றே வழி என்ற நிலை நம் ஊருக்கும் வந்துபோயிருக்கிறது.

2018 ஆகஸ்டில் கேரளத்தின் சாலக்குடியில் நடந்த மீட்பு விமானியின் திறமைக்கு இன்னும் பெரிய சோதனை. கடற்படையின் சீ கிங் பல டன் எடை கொண்டது. அதைத் தாங்கும்படி எந்த வீட்டு மாடியும் கட்டப்படுவதில்லை. முழு எடையையும் இறக்கினால் கூரை உள்வாங்கிவிடும். அதனால் விமானி சக்கரங்களை மாடியில் பட்டும் படாமலும் வைத்து, என்ஜின் விசையாலேயே எடையைத் தாங்கிக்கொண்டு, எட்டு நிமிடம் போல அப்படியே நிறுத்தினார். அந்த வீட்டிலிருந்து 26 பேர் காப்பாற்றப்பட்டார்கள். இது எல்லோரும் எப்போதும் செய்யக்கூடிய வேலை அல்ல.

2005இல் கத்ரீனா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, கடலோரக் காவல்படை 33,500க்கும் மேற்பட்டோரை மீட்டது. அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் வான்வழியே வந்தவர்கள். ஏறும் தண்ணீருக்குத் தப்பிப் பரணுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டவர்களை வெளியே எடுக்க, கயிற்றில் இறங்கிய வீரர்கள் கோடரியால் கூரையை வெட்ட வேண்டியிருந்தது. கடலில் மீட்கப் பயின்றவர்கள் அவர்கள். ஊரெங்கும் மின்சாரம் போன இருட்டில், கம்பிகளுக்கும் மரங்களுக்கும் நடுவே பறக்க அங்கேயேதான் பழகிக்கொண்டார்கள்.

நிலநடுக்கத்தில் தேவைப்படுவது இறக்கை அல்ல, காது. இடிபாட்டுக்குள்ளிருந்து வரும் முனகலைக் கேட்டுத்தான் மீட்பாளர்கள் தோண்டுகிறார்கள். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரம் சரிந்தபோது, தலைக்கு மேல் வட்டமிட்ட செய்தி நிறுவன ஹெலிகாப்டர்களின் இரைச்சல் அந்தக் குரல்களை மூழ்கடித்தது என்ற குற்றச்சாட்டு கடுமையாக எழுந்தது. எப்போது பறக்கக் கூடாது என்பதும் மீட்புத் திட்டத்தில் எழுதப்பட வேண்டிய விஷயம்தான்.

கட்டட உச்சியில் இறங்குதளம் வேண்டுமா என்பதில் நகரங்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. லாஸ் ஏஞ்சலீஸ் 1974 முதல் உயர்ந்த கட்டடங்களின் உச்சியில் இறங்குதளத்தைக் கட்டாயமாக்கியது. அந்த நகரத்து வானளாவிகள் தட்டையான தலையோடு நிற்பதற்கு இதுவே காரணம். 2014இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. தீத்தடுப்பு வசதிகளும் கூடுதல் படிக்கட்டும் இருந்தால் மக்களைக் கீழ்வழியே இறக்குவதே மேல் என்ற வாதம் வென்றது. டோக்கியோவில் பல கட்டட உச்சிகளில் ஆங்கில ஹெச், ஆர் எழுத்துகளைப் பார்க்கலாம். ஹெச் என்றால் ஹெலிகாப்டர் இறங்கலாம். ஆர் என்றால் இறங்காமல் மேலே நின்றபடி மீட்கலாம். உச்சியை எட்டவே முடியாமல் போவதும் உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் கூரைக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. புகையால் காவல்துறை ஹெலிகாப்டர்களாலும் நெருங்க முடியவில்லை.

நம் அடுக்குமாடிகளில் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறது. அதன் சாவி யாரிடம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. வெள்ளக் காலத்துக்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ளலாம். ஹெலிகாப்டர் வரும் ஓசை கேட்டால், காயும் துணி, தார்ப்பாய், தளர்ந்த தகரம் எதுவும் வெளியே இருக்கக் கூடாது; அவை மேலே பறந்து இறக்கையில் சிக்கினால் எல்லோருக்கும் ஆபத்து. கயிற்றைக் கண்டதும் தாவிப் பிடிக்கவும் கூடாது. பறக்கும் ஹெலிகாப்டரில் மின்னேற்றம் சேர்ந்திருக்கும். கயிற்றின் முனை தரையைத் தொட்டு அது வடிந்த பிறகே கைவைக்க வேண்டும். இறங்கி வரும் வீரர் யாரை முதலில் அழைக்கிறாரோ அவரைத் தவிர மற்றவர்கள் சுவரோரமாகக் குனிந்து உட்கார்ந்துகொள்வது நல்லது.