நாலு நாள் சைக்கிள் பயணம்: வண்டியை எங்கே விடுவது, வழக்கை எங்கே போடுவது?

வேப்பூரில் கடல் இல்லை. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை உண்டு, சென்னை – திருச்சி நெடுஞ்சாலை உண்டு, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கடலூருக்கும் சின்னசேலத்துக்கும் போகிற சாலை உண்டு. அந்தச் சாலையில் விருத்தாசலம், நெய்வேலி, வடலூர் தாண்டிக் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் போனால்தான் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். அங்கிருந்து சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணிவரை கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கரையோரப் பயணம். கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு நிதானமான மூன்று, நான்கு நாள் வேலை.

இப்படிப் பயணம் போகிறவர்கள் கூடினால் டயர் பற்றிப் பேசுவார்கள், தண்ணீர் பாட்டில் பற்றிப் பேசுவார்கள், பரோட்டா எந்த ஊரில் நன்றாக இருக்கும் என்றுகூடப் பேசுவார்கள். சைக்கிளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்த காரை அல்லது ரயில் நிலையம்வரை ஓட்டிவந்த பைக்கை நாலு நாள் எங்கே விடுவது என்ற கேள்வி மட்டும் கிளம்புகிற அன்று விடியற்காலையில்தான் வரும். பதிலும் அவசரத்தில்தான் பிறக்கும்: “இங்கேயே ஓரமாப் போட்டுட்டுப் போலாம், யாரு என்ன பண்ணப் போறாங்க?”

யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சட்டமே செய்யும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் விடப்பட்ட வாகனத்தை இழுத்துச் செல்லவோ, சக்கரத்தில் பூட்டுப் போடவோ சீருடையிலுள்ள காவலர் உத்தரவிடலாம். இழுவைச் செலவும் உரிமையாளர் தலையில்தான் விழும். அந்த இடத்தில் ‘நோ பார்க்கிங்’ பலகை இல்லையே என்பது இங்கே செல்லாது. பத்து மணி நேரம் ஆனாலே போதும். நாலு நாள் பயணத்துக்குத் தெருவோரம் கணக்கிலேயே வராது.

ஆகவே காசு கொடுத்து நிறுத்தும் இடம்தான். ரயில் நிலைய ஸ்டாண்டு, பேருந்து நிலையத்தை ஒட்டிய ஸ்டாண்டு, தனியார் வைத்திருக்கும் கொட்டகை என்று சந்திப்பு ஊர்களில் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். அங்கே கொடுக்கும் துண்டுச் சீட்டில் பெரும்பாலும் ஒரு வரி அச்சாகியிருக்கும்: ‘வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தப்படுகின்றன.’ இந்த வரியைப் படித்ததும், வண்டி காணாமல் போனால் கேட்க வழியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த வரிக்கு அவ்வளவு பலம் கிடையாது.

1998 ஆகஸ்ட் 1 இரவு டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர், தன் மாருதி ஜென் காரையும் சாவியையும் ஹோட்டல் ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது காரை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காப்பீட்டு நிறுவனம் அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஹோட்டல்மீது நுகர்வோர் வழக்குத் தொடுத்தது. சீட்டில் ‘உங்கள் பொறுப்பில்’ என்று அச்சடித்திருக்கிறோமே என்றது ஹோட்டல். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2019 நவம்பர் 14 அன்று தீர்ப்பு வந்தது. வாடிக்கையாளரிடமிருந்து வண்டியை வாங்கி வைத்துக்கொண்டவர், ஒப்பந்தச் சட்டத்தின்படி தன் சொந்தப் பொருளைப் போல அதைக் கவனிக்கக் கடமைப்பட்டவர். தன்மீது கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்கும் பாரமும் அவருடையதே. சொந்தக் கவனக்குறைவுக்கான பொறுப்பைச் சீட்டில் ஒரு வரி அச்சடித்துக் கழற்றிவிட முடியாது என்றது நீதிமன்றம்.

ஆனாலும் அந்த வழக்கில் சாவி ஹோட்டல் கையில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நாமே பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகும் ஸ்டாண்டில், “நான் இடத்துக்கு வாடகைதான் வாங்கினேன், வண்டியைப் பொறுப்பேற்கவில்லை” என்று ஸ்டாண்டு நடத்துபவர் வாதிட இடமிருக்கிறது. அந்த வாதத்தை உடைப்பது அந்தத் துண்டுச் சீட்டுதான். வண்டி எண், தேதி, நேரம், வாங்கிய தொகை, ஸ்டாண்டின் பெயர் இத்தனையும் அதில் இருக்க வேண்டும். நாலு நாளைக்கு என்று வாயால் சொன்னால் போதாது, சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். எழுத மறுக்கிற ஸ்டாண்டில் வண்டியை விடாமலிருப்பதே மேல். சீட்டை உடனே செல்போனில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது, வியர்வையில் ஊறிய காகிதம் நாலாம் நாள் கூழாகிவிடும்.

வண்டி உண்மையிலேயே போய்விட்டால்? அன்றே காவல் நிலையம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. புகாரை வாங்கிக்கொண்டு சிஎஸ்ஆர் ரசீது கொடுத்து அனுப்பிவிடுவது நம் ஊர் வழக்கம். காப்பீட்டு நிறுவனம் கேட்பது எஃப்ஐஆர். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். எஃப்ஐஆர் நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அடுத்தது காப்பீடு. நாகப்பட்டினத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்ததால் நிறுவனத்துக்குச் சொல்ல நாலு நாள் தாமதமாயிற்று என்று வைத்துக்கொள்வோம். எஃப்ஐஆர் உடனே பதிவாகியிருந்தால், தகவல் சொல்லத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகத் திருட்டுக் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஸ்டாண்டின்மீது புகார் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வண்டியை நாகப்பட்டினத்தில் தொலைத்த வேப்பூர்க்காரர் கடலூர் மாவட்ட ஆணையத்தை அணுகலாம், நாகப்பட்டினத்துக்குத் திரும்பத் திரும்ப ஓட வேண்டாம். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். சேவைக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. எந்த ஸ்டாண்டும் ஐந்து லட்சம் வாங்குவதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

கார், பைக் தொல்லையே வேண்டாம், விருத்தாசலம் சந்திப்பில் சைக்கிளை ரயிலேற்றிவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. நல்ல யோசனை. கடலூர், சேலம், விழுப்புரம், திருச்சி என்று நாலு பக்கமும் பாதை பிரிகிற சந்திப்பு அது. ஆனால் எல்லா ரயிலிலும் சைக்கிள் ஏற்ற மாட்டார்கள், எல்லா நிலையத்திலும் இறக்க நேரம் இருக்காது. முதல் நாளே பார்சல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை: தொலைந்தால் எவ்வளவு? பொருளின் மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்கான கூடுதல் கட்டணம் செலுத்தாவிட்டால், ரயில்வேயின் பொறுப்பு பயணச் சாமானுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய், பார்சலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் என்ற வரம்போடு முடிந்துவிடும். 15 கிலோ எடையுள்ள சைக்கிளின் விலை ஐம்பதாயிரமாக இருக்கட்டும், கிடைப்பது அதிகபட்சம் 1,500 அல்லது 750 ரூபாய். இழப்பீடு கேட்கும் அறிவிப்பை, பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ரயில்வேக்குக் கொடுத்துவிட வேண்டும்.

வழித்திட்டத்தில் செல்போன் வரைபடத்தை முழுதாக நம்பக் கூடாது. கடலூருக்கும் நாகைக்கும் இடையே கடற்கரை ஒரே கோடாக ஓடவில்லை. வெள்ளாறும் கொள்ளிடமும் காவிரியின் கிளைகளும் கரையைத் துண்டு துண்டாக அறுத்து வைத்திருக்கின்றன. கடலை ஒட்டிப் போகும் அழகான கிராமத்துச் சாலை பல இடங்களில் முகத்துவாரத்தில் போய் முட்டி நிற்கும். பெரிய ஆறுகளைத் தாண்ட நெடுஞ்சாலைப் பாலத்துக்கு வந்தாக வேண்டும். சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட விரைவுச்சாலைகளில்தான் சைக்கிளுக்குத் தடை, சாதாரணத் தேசிய நெடுஞ்சாலையில் போகலாம். நாலுவழிச் சாலையில் சர்வீஸ் ரோடு பாதுகாப்பானது என்று நினைப்பதிலும் ஒரு சிக்கல், அதில் எதிர்த்திசையில் வருகிற பைக்குகளுக்குக் கணக்கில்லை. அறுவடை மாதங்களில் டெல்டா சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். மெல்லிய டயர் அதன்மேல் ஏறினால் வழுக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர்வரை இந்தக் கரையில் பயணம் வைப்பது வீம்பு. 2011இல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது, 2018இல் கஜா நாகப்பட்டினம் – வேதாரண்யம் இடையே, 2024இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. ஜனவரி, பிப்ரவரியில் வடகிழக்கிலிருந்து வரும் காற்று தெற்கே போகிறவருக்குத் துணை. அதனால் கடலூரில் தொடங்கி வேளாங்கண்ணியில் முடிப்பதுதான் கால்களுக்கு இதம். வேளாங்கண்ணித் திருவிழா நாட்களில், அதாவது ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, அங்கே வண்டி நிறுத்த இடம் தேடுவது வீண் வேலை.

இனி, யாரும் பேச விரும்பாத விஷயம். 2024 பிப்ரவரி 28 அதிகாலையில் நவி மும்பை பாம் பீச் சாலையில் நண்பர்களுடன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த அவ்தார் சைனி, பின்னால் வந்த வாடகைக் கார் மோதி இறந்தார். பென்டியம் செயலி உருவாக்கத்தில் பங்காற்றியவர், இன்டெல் இந்தியாவின் முன்னாள் தலைவர். பழக்கப்பட்ட சைக்கிள் ஓட்டுநர், நல்ல சாலை, கூட்டமாகப் பயணம், இத்தனையும் இருந்தும் அது நடந்தது.

தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து என்றால், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. ஆனால் தரங்கம்பாடி, பொறையாறு தாண்டி நாகூர் வருவதற்குள் சைக்கிள் காரைக்கால் மாவட்டத்துக்குள், அதாவது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது. சாலையில் போகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. நிர்வாகம் வேறு, காவல்துறை வேறு. அங்கே கைகொடுப்பது 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டம்: மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்தில், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள்வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லாச் சிகிச்சை. இரண்டு பக்கமும் 112 வேலை செய்யும். அடிபட்டவரைத் தூக்கிச் சென்று சேர்த்தவரைப் பெயர், முகவரி சொல்லும்படியோ சாட்சிக்கு வரும்படியோ கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் சட்டம்தான், மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு.

மோதிய வண்டியின் எண் தெரிந்தால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு. அதையும் சொந்த ஊர் எல்லையிலேயே போடலாம். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. எண் தெரியாமல் வண்டி ஓடிவிட்டால் அதோடு முடிந்தது என்று பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. அது பிழை. 2022 ஏப்ரல் முதல் அடையாளம் தெரியாத வாகன விபத்துகளில் இறந்தவர் குடும்பத்துக்கு இரண்டு லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் என்ற திட்டம் இருக்கிறது. விபத்து நடந்த பகுதியின் வருவாய்க் கோட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

எந்த வண்டியும் மோதாமல், பள்ளத்தில் சக்கரம் இறங்கி விழுந்தால் இந்த இரண்டு வழியும் திறக்காது. சைக்கிளுக்குக் கட்டாயக் காப்பீடும் இல்லை. அதற்கு முன்கூட்டிச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் இரண்டு லட்சம் ரூபாய்.

சைக்கிளே திருட்டுப் போனால், வாங்கிய பில்லும் பெடல் அச்சின் அடியில் பொறித்த ஃபிரேம் எண்ணும் இருக்கட்டும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு, காவல்துறை தானாக வழக்குப் பதிந்து விசாரிக்க முடியாத வகையில் வருகிறது. பில் இல்லாத சைக்கிளைப் பழைய சைக்கிள் என்று ஒதுக்க அது வசதியாகிவிடும்.

கடைசியாக, மறுபடி ஸ்டாண்டுக்கு வருவோம். ஸ்டாண்டு குத்தகை எடுத்தவர் யார், ஒரு நாள் கட்டணம் எவ்வளவு, இரவு காவலுக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் குத்தகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். பல இடங்களில் கட்டணப் பலகையே இருக்காது, இருந்தாலும் பல நாள் கட்டணம் எழுதியிருக்காது. நகராட்சி ஸ்டாண்டு என்றால் நகராட்சிக்கும், ரயில் நிலைய ஸ்டாண்டு என்றால் ரயில்வேக்கும் பத்து ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு ஒப்பந்த நகலைக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.