பிரிகொரொட்னி: ஒரு மாவட்டத்தின் எல்லை வரலாறு

ஆட்சி வசதியின் பொருட்டு நாடுகளை மாவட்டங்களாக வகுத்தல் அரசுகளின் இயல்பு. வரைபடத்தில் ஓர் எல்லையை மாற்றுதல் ஆள்வோர்க்கு எளிது. அவ்வெல்லையின் இருமருங்கும் வாழும் மக்களுக்கு அஃது எளிதன்று. கவுக்கசு மலையின் வடசாரலிலுள்ள பிரிகொரொட்னி மாவட்டத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இரசிய மொழியில் 'பிரிகொரொட்னி' என்பது நகரை அடுத்தது எனப் பொருள்படும். ஈண்டு நகரென்றது வட ஒசெத்தியாவின் தலைநகராகிய விளாடிகவ்காசினையாம். தெரெக்கு ஆற்றின் கிழக்கே கிடக்கும் இந்நாட்டுப்புறப் பகுதியே இரு இனத்தாரிடைப் பிணக்கிற்குக் காரணமாயிற்று. இங்குசர் இசுலாமியர், செச்செனியருக்கு மொழியால் உறவினர். ஒசெத்தியருட் பெரும்பாலார் கிறித்தவர்; ஈரானியக் குடும்பத்தைச் சார்ந்த மொழியினர். இங்குசர் என்னும் பெயர்க்கு மூலமான அங்குசுட்டு என்னும் ஊரும் இம்மாவட்டத்திலேயே உளது.

1921 இல் அமைந்த மலைநாட்டுத் தன்னாட்சிக் குடியரசு 1924 இற் கலைக்கப்பட்டபோது, இங்குசர்க்கும் ஒசெத்தியர்க்கும் தனித்தனி மாகாணங்கள் உண்டாயின. விளாடிகவ்காசு இரண்டிற்கும் பொதுத் தலைநகராயிற்று. 1933 இல் அந்நகர் ஒசெத்தியர்க்கே உரியதாக்கப்பட்டது. மறு ஆண்டில் இங்குசு மாகாணம் செச்செனிய மாகாணத்துடன் இணைக்கப்பட்டு, 1936 இல் தன்னாட்சிக் குடியரசாக உயர்ந்தது.

1944 பெப்ரவரி 23 ஆம் நாள் பெருந்துயர் தொடங்கியது. செருமானியருக்குத் துணைபோயினர் என்னும் குற்றச்சாட்டின்மேல், ஸ்ராலினின் ஆட்சி செச்செனியரையும் இங்குசரையும் ஒருங்கே மத்திய ஆசியாவிற்கு நாடுகடத்தியது. மார்ச்சு மாதத்திற் குடியரசும் ஒழிக்கப்பட்டது. பிரிகொரொட்னி வட ஒசெத்தியாவுடன் சேர்க்கப்பட்டது, ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன. வெறுமையாய்க் கிடந்த வீடுகளில் ஒசெத்தியர் குடியேற்றப்பட்டனர். அவர்களுள்ளும் பலர் தாமாக விரும்பி வந்தவரல்லர்.

1957 சனவரி 9 ஆம் நாள் செச்செனிய இங்குசுக் குடியரசு மீண்டும் நிறுவப்பட்டது. ஆயின் பிரிகொரொட்னி திருப்பி அளிக்கப்படவில்லை. அதற்கு ஈடாக, நவூர், செல்கோவ்சுக்கி முதலிய பகுதிகள் அக்குடியரசுடன் சேர்க்கப்பட்டன. கணக்கிற் பரப்பளவு ஈடாயிற்று; ஆயினும் வடக்கே தொலைவிலுள்ள அந்நிலத்தால் இங்குசர்க்குப் பயன் யாது? மீண்டு வந்தோர் பலர் தம் முன்னோர் வீட்டினையே விலைகொடுத்து வாங்க நேர்ந்தது. 1973 இற் குரொசினியிற் கூடி முறையிட்டும் பயனில்லை. 1982 இல் இம்மாவட்டத்தில் வதிவுப் பதிவு பெறுதற்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

1991 ஏப்பிரல் 26 ஆம் நாட் சட்டம் ஒடுக்கப்பட்ட இனங்கட்கு நிலவுரிமை மீட்பினை உறுதிகூறிற்று. அதனை நிறைவேற்றும் வழியை வகுத்திலது. 1992 யூனில் இங்குசுக் குடியரசை அமைத்த சட்டமும் அதன் எல்லையை வரையறுக்கவில்லை. அவ்வாண்டு ஒற்றோபர் இறுதியில் மூண்ட கலவரத்தில் ஏறக்குறைய அறுநூற்றுவர் மாண்டனர். பல்லாயிரம் இங்குசர் மாவட்டத்தை விட்டு ஓடினர். பின்னர் ஒரு பகுதியினர் மீண்டனராயினும், மாவட்டம் இன்றும் வட ஒசெத்தியாவின்கண்ணேயே உளது.

முன்னோர் புதைகுழிகளைச் சுட்டி உரிமை கோருவோர் இங்குசர். அம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தமையைச் சுட்டுவோர் ஒசெத்தியர். இருவர் கூற்றும் பொய்யன்று. ஓராட்சி மக்களைக் கேளாது செய்த மாற்றத்தின் சுமையை, அதனைச் செய்யாத இரு தலைமுறையினர் சுமந்தனர் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாம்.